கூத்துக்களரியும் சமூக மாற்றமும்: வற்றாப்பளைக் கண்ணகையை முன்வைத்துச் சில சிந்தனைகள்

ஆடற்கலை சமூக மாற்றத்துக்குப் பணிபுரிதல் வேண்டும் என்ற குரல் எமது அரங்கியற் சூழலிற் புதியதன்று. அரை நூற்றாண்டுக்கு மேலாக அது ஒலித்து வருகின்றது. எனினும், அக்குரலை எழுப்புவோருட் பெரும்பாலோர் ஆடலின் பொருளை மாற்ற முனைகின்றனரேயன்றி, ஆட்டம் தன்னளவிலேயே ஒரு சமூக ஒழுங்கைச் சுமந்து நிற்கின்றது என்பதை மனங்கொள்வதில்லை. பழைய கதையின் இடத்திற் புதிய கதையொன்றை வைத்துவிட்டால் மாற்றம் நிகழ்ந்துவிடும் என்ற நம்பிக்கை இன்றும் வலுவாகவே உள்ளது. 2009இன் பின்னர் வன்னியின் துயரைப் பொருளாகக் கொண்டு எழும் ஆக்க நடனங்களை நோக்குமிடத்து அந்நம்பிக்கையின் போதாமை புலனாகும். முல்லைத்தீவு மாவட்டத்து வற்றாப்பளையும், அப்பிரதேசக் கண்ணகை வழிபாட்டோடு பிணைந்து வளர்ந்த கோவலன் கூத்தும் இதனை ஆராய ஏற்ற களங்களாக எமக்குத் தோன்றுகின்றன.

முதலில் வந்த வழியைச் சிறிது நோக்குவோம். 1960களிற் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேற்கொண்ட கூத்துப் பணி யாவரும் அறிந்ததே. கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை ஆகியன விடியவிடிய ஆடப்பட்ட கூத்தைக் குறுகிய நேர அளவுக்குள் அடக்கின. வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தன. கூத்தை நாட்டுப்புறத்தாரின் பொழுதுபோக்கு என இகழ்ந்த படித்த வர்க்கம் அதனைக் கலை என ஏற்றுக்கொண்டது. இது சிறிய சாதனையன்று. ஆனால் அவ்வேற்புக்கு ஒரு விலையும் இருந்தது. நாற்புறமும் சூழ்ந்திருந்து, பாட்டைத் தானும் முணுமுணுத்து, ஆட்டம் பிசகினால் உரக்கக் கண்டித்த ஊர்ச்சபை, ஒருபுறமிருந்து மௌனமாகப் பார்க்கும் சபையாயிற்று. இம்மாற்றம் பற்றி எமது விமரிசகர்கள் நேரச் சுருக்கம் பற்றிப் பேசிய அளவுக்குப் பேசவில்லை என்பது எமது கருத்து.

பொருள் மாற்றத்தை நோக்கிய தெளிவான அடி சி. மௌனகுருவின் சங்காரத்தோடு வைக்கப்பட்டது. 1969இல் மேடையேறிய அந்நாடகம் சாதி, மதம், வர்க்கம் முதலிய பேதங்களை அரக்கர்களாக உருவகித்து, உழைப்பாளர் அவர்களைச் சங்கரிப்பதை வடமோடி ஆட்டத்தின்வழி காட்டிற்று. சங்காரத்தைப் பற்றி எழுதியோர் அதன் கருத்துநிலையையே பெரிதும் எடுத்துரைத்தனர். எமக்கோ அதன் ஆட்டமே முதன்மையாகப் படுகின்றது. கூத்து மரபில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதன் தகுதிக்கேற்ற வரவுத் தாளக்கட்டு உண்டு. மன்னன் வரும் நடை வேறு. ஏவலாளன் வரும் நடை வேறு. அரச சபையின் ஏற்றத்தாழ்வு முழுவதும் காலடியிலே பதிந்துள்ளது. பாத்திரப் பங்கீடுங்கூட ஊரின் அதிகார நிலைகளிலிருந்து முற்றாக விடுபட்டதன்று. அத்தகைய மரபில் மன்னர்க்கும் வீரர்க்கும் உரிய ஆட்டக்கோலங்களை உழைப்பாளியின் கால்களுக்குக் கொடுத்தமையே சங்காரத்தின் புரட்சி. அரக்கர் உருவகம் இன்று பழமை தட்டித் தோன்றலாம். காலடி பழமை தட்டவில்லை.

1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டச் சூழலிலே தோன்றிய கந்தன் கருணையும் ஈண்டு நினைக்கத்தக்கது. என். கே. ரகுநாதனின் ஆக்கத்தை அம்பலத்தாடிகள் காத்தவராயன் கூத்துப் பாணியில் ஆடினர். சாதி கடந்து ஆரியமாலையை விரும்பியமையாற் கழுவேறும் காத்தவராயனின் மெட்டுக்களை மக்கள் முன்னரே அறிந்திருந்தனர். ஆதலாற் புதிய பொருள் அந்நியமாகத் தோன்றவில்லை. பழைய மெட்டே தன்னுள் உறைந்திருந்த எதிர்ப்பை நினைவூட்டிற்று.

இவ்விரு முயற்சிகளிலும் எஞ்சி நின்ற கேள்வி பெண்ணைப் பற்றியது. மரபுவழிக் களரியில் ஆண்களே பெண் பாத்திரங்களையும் ஏற்றனர். வடமோடி, தென்மோடி என்ற பிரிவுக்குள் எளிதில் அடங்காமையால் முல்லைமோடி எனச் சுட்டப்படும் முல்லைத்தீவுக் கோவலன் கூத்தும் இதற்கு விலக்கன்று. பாண்டியன் சபையிலே சிலம்பை உடைத்து நீதி கேட்கும் குரல், அம்மரபில் ஓர் ஆணின் தொண்டையிலிருந்தே எழுந்தது. சிங்கள மக்களின் கம்மடுவச் சடங்கிலும் பத்தினித் தெய்வத்தின் கோலத்தை ஆண் பூசகரே பூணுவதைக் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளிவந்த தமது பத்தினி வழிபாடு பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். பெண்ணின் சினத்தைத் தெய்வமாக்கிப் போற்றிய இரு சமூகங்களும் அச்சினத்தை ஆடும் உரிமையைப் பெண்ணுக்கு வழங்கத் தயங்கின என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. 1980களிற் பெண்ணொடுக்குமுறையைப் பொருளாகக் கொண்டு யாழ்ப்பாணத்தில் மேடையேறிய மௌனகுருவின் சக்தி பிறக்குது இவ்வகையிலும் ஒரு திருப்பமாகும்.

இனி வற்றாப்பளைக்கு வருவோம். நந்திக்கடலின் ஒரு கரையில் அம்மன் கோயில், மறுகரையில் முள்ளிவாய்க்கால். வைகாசி விசாகத்தையொட்டிய திங்கட்கிழமை இங்கு பொங்கல் நிகழ்கின்றது. முன்னதாகச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையிலிருந்து எடுத்துவரப்படும் கடல்நீர் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்காக எரிகின்றது. 2009 மே மாதத்திற் போர் முடிவுற்றதும் இதே நீர்ப்பரப்பின் கரையிலேயே. ஆகவே வைகாசியில் இக்கரைக்கு வருவோர் பொங்கலோடு வேறொரு நினைவையும் சுமந்தே வருகின்றனர்.

2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், மார்ச் 8ஆம் நாள் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். கைகளிற் புகைப்படம் ஏந்திய அத்தாய்மாரைக் கண்ணகையாக உருவகித்தல் ஆடலாசிரியர்க்கு எளிதிற் கைவரும் உத்தியாகிவிட்டது. சிலம்புக்குப் பதில் புகைப்படம். பாண்டியனுக்குப் பதில் அரசு. இறுதியிற் செந்நிறத் துணிகள் தீயாக எழும். பார்வையாளர் கண்ணீர் மல்கக் கைதட்டுவர். பரத அடவுகளுக்கிடையே மார்பில் அறைந்து அழும் அபிநயம் சேர்க்கப்படும். இத்தகைய ஆற்றுகைகளின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் உருவகம் பொய்த்துவிடும் இடம் ஒன்றுண்டு. கண்ணகை வழக்குரைத்தாள், அவளுக்குத் தீர்ப்புக் கிடைத்தது. மன்னன் தன் பிழையை ஏற்று அரியணையிலேயே உயிர் நீத்தான். வன்னித் தாயின் வழக்கைக் கேட்டு எந்த மன்னனும் பிழையுணரவில்லை. அவள் ஆண்டுக்கணக்காகக் கொட்டிலில் அமர்ந்திருக்கின்றாள். தீர்ப்புக் கிடைத்த கதையின் ஆட்டத்தைத் தீர்ப்பே கிடைக்காதவள்மீது ஏற்றும்போது, மதுரை எரிந்த நிறைவோடு சபை வீடு திரும்புகின்றது. அவளோ அங்கேயே இருக்கின்றாள். சமூக மாற்றத்துக்கென ஆடப்பட்டது சமூகத்துக்கு ஆறுதல் அளித்து முடிந்துவிடுகின்றது.

அவ்வாறாயின் கண்ணகையைக் கைவிடுவதா? வற்றாப்பளை மக்களே இதற்கு வேறொரு வழியைக் காட்டியுள்ளனர் என நாம் கருதுகின்றோம். அவர்கள் தம் ஐதிகத்திற் போற்றும் கண்ணகை, மதுரையை எரித்த பின்னர் அலைந்து வந்தவள். அவள் பத்தாவதாகத் தங்கிய இடமே பத்தாப்பளை எனப்பட்டுப் பின் வற்றாப்பளை ஆயிற்று என்பர். நந்திக்கடற்கரையில் மாடு மேய்த்த சிறுவர்முன் அவள் மூதாட்டியாகத் தோன்றுகின்றாள். பசி என்கின்றாள். சிறுவர் பொங்கிக் கொடுக்கின்றனர். விளக்கேற்ற எண்ணெய் இல்லை; கடல்நீரை வார்த்து ஏற்றச் சொல்கின்றாள். தலையிற் பேன் பார்க்கச் சொல்கின்றாள்; மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுவதும் ஆயிரம் கண்கள். சிறுவர் திகைக்க அவள் மறைந்துவிடுகின்றாள்.

இக்கதையின் சமூகப் பொருளை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பெருவணிகன் மகளைப் பேன் பிடித்த தலையோடு பசித்து வந்த கிழவியாக்கியவர்கள் வன்னியின் உழவரும் மாடு மேய்ப்போருமாவர். காப்பியத்தின் நீதிக்கதை அவர்கள் கையிற் பசியின் கதையாயிற்று. இங்கு அரியணை இல்லை, தீர்ப்பு இல்லை, எரியும் நகரம் இல்லை. எரிந்து முடிந்த பின்னர் ஒருத்தி எவ்வாறு உயிர் வாழ்கின்றாள் என்பதும், அவளுக்கு யார் சோறிட்டனர் என்பதுமே உண்டு. அந்த ஆயிரம் கண்களும் யாவற்றையும் கண்டவை. ஆனால் அவற்றை அவள் மயிருக்குள் மறைத்து வைத்திருக்கின்றாள். போருக்குப் பிந்திய வன்னிப் பெண்ணுக்கு வழக்குரைக்கும் கண்ணகையை விட இக்கிழவி நெருங்கியவள்.

இக்கிழவிக்கு ஆட்டம் எங்கே உள்ளது? கோவலன் கூத்தின் வரவுத் தாளக்கட்டுக்கள் அவளுக்குப் பொருந்தா. பரதத்தின் நாயகி பாவங்களோ அவளிடமிருந்து இன்னும் தொலைவிலுள்ளவை. சென்னையிற் சந்திரலேகா 1985இல் அங்கிகாவை அமைத்தபோது, தெய்வக் கதையையும் காதற் பதங்களையும் நீக்கி, களரிப்பயிற்றையும் பரதத்தையும் இணைத்து உடலின் ஆற்றலையே பொருளாக்கினார். அத்துணிவை நாம் மதிக்கின்றோம். ஆயினும் அங்கு காணும் பயின்ற, நிமிர்ந்த உடல் இந்தக் கரைக்கு உரியதன்று. மட்டக்களப்பிற் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கமே எமக்கு அணித்தான முன்மாதிரி. அங்கு ஏட்டின் வரிகளும் பெண் பாத்திரங்களும் ஆடுவோராலும் ஊராராலும் களரியிலேயே விவாதிக்கப்பட்டு மாற்றம் பெற்றன. பல்கலைக்கழகம் ஆடிக் காட்ட ஊர் பார்த்திருக்கும் நிலை அதனாற் சற்றேனும் தலைகீழாயிற்று.

அவ்வாறான விவாதம் கோவலன் கூத்தைச் சூழ்ந்தும் எழுதல் வேண்டும். அண்ணாவிமாரும் கொட்டிலில் அமர்ந்திருக்கும் பெண்களும் அதில் ஒருங்கே பேசுதல் வேண்டும். எரியும் மதுரையோடு கூத்து முடிவதா, அதன் பின்னர் கிழவி கடற்கரைக்கு வரும் காட்சியும் களரிக்கு உரியதா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். அக்காட்சி ஆடப்படுமாயின், மத்தளம் ஓய்ந்த பின்னர் களரியின் நடுவே இரு பெண்கள் முன்பின்னாக அமர்ந்து, ஒருத்தியின் தலையை மற்றவள் விரல்களால் மெல்ல வகிர்ந்து பார்க்கும் அசைவு ஒன்றே போதும். எந்த அடவு நூலிலும் இல்லாத அவ்வசைவை அங்கு கூடியுள்ள ஒவ்வொரு பெண்ணின் கையும் அறியும்.