தறிச்சத்தத்துக்கு நடுவே ஒரு ஹெட்போன் கிட்

விசைத்தறி ஓடுகிற தெருவில் உட்கார்ந்து ஹெட்போன் சோதிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. வெளிச்சத்தத்தை எவ்வளவு தடுக்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் கதையை நம்ப வேண்டியதில்லை; காதில் மாட்டினால் தெரிந்துவிடும். சங்கரன்கோவிலில் பல தெருக்களுக்குத் தறிதான் பின்னணி இசை. ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிவிட்டால் குழாய் ஸ்பீக்கர்களும் சேர்ந்துகொள்ளும். கடையில் வாங்கிய ஹெட்போனே இங்கே திணறும். உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டிய ஹெட்போன் என்ன செய்யும் என்று பார்க்கத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

நான் வாங்கியது 40 மில்லிமீட்டர் டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்), 32 ஓம், பின்பக்கம் மூடிய கிண்ணம், வயர் வகை. பல பெயர்களில் ஆன்லைனில் கிடைக்கும் கிட்களில் ஒன்று. ஷிப்பிங் சேர்த்து ஐயாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. பெட்டிக்குள் இரண்டு டிரைவர்கள், அவை உட்காரும் தட்டுகள், கிண்ணங்கள், தலைப்பட்டை, காது மெத்தைகள், கேபிள், 3.5 மி.மீ. பின், கொஞ்சம் செயற்கைப் பஞ்சு, ஒரு பொட்டலம் திருகாணி. புளூடூத் கிடையாது, மைக் கிடையாது, இரைச்சல் நீக்கும் சில்லும் கிடையாது. இதெல்லாம் வேண்டும் என்பவர்கள் இந்த விமர்சனத்தை இத்தோடு மூடிவிட்டுக் கடைக்குப் போகலாம்.

வீட்டில் ஹெட்போன் செய்வது ஒன்றும் புதுப் பைத்தியம் இல்லை. இன்றைய ஹெட்போனின் பாட்டனையே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் என்பவர் 1910 வாக்கில் தன் வீட்டுச் சமையலறையில்தான் செய்தார். அமெரிக்கக் கடற்படை அதைச் சோதித்துப் பார்த்து ஆர்டர் கொடுத்தது. இப்போது கனடாவின் ப்ளூப்பி நிறுவனம் தன் ஹெட்போனின் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளும்படி திறந்து வைத்திருக்கிறது. உடல்பாகங்களை 3டி பிரிண்டரில் அச்சிட்டுக்கொள்ளலாம். ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி-யை வாங்கிய கையோடு பிரித்து மாற்றி அமைப்பதற்கென்றே ஒரு கூட்டம் பல வருடங்களாக இருக்கிறது. என் கிட் அந்த வகுப்பில் கடைசி பெஞ்ச்.

திருகாணி முடுக்குவதெல்லாம் பத்து வயதுப் பிள்ளையும் செய்கிற வேலை. சால்டரிங்தான் பொறுமையைச் சோதிக்கும். கேபிளின் தோலை உரித்தால் உள்ளே சிவப்பு, பச்சை, செம்பு நிறங்களில் மெல்லிய கம்பிக் கற்றைகள். சிவப்பு வலக்காதுக்கு, பச்சை இடக்காதுக்கு, செம்பு நிறம் கிரவுண்ட். இந்த நிறங்கள் எல்லாம் வார்னிஷ் பூச்சு. அது இருக்கும்வரை ஈயம் பிடிக்காது, உருண்டு ஓடும். அயர்ன் முனையில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, கம்பி நுனியை அதற்குள் சிறிது நேரம் வைத்திருந்தால் பூச்சு எரிந்து, நடுவில் ஓடும் நூலும் கருகி, ஒரு வாடை வரும். அதன்பிறகு நுனி வெள்ளியாய்ப் பளபளத்தால் சரி. 25 வாட் அயர்ன் தாராளம்.

டிரைவரில் பற்றவைக்கும்போது இன்னொரு வேடிக்கை. அதன் முதுகில் இருப்பது நியோடிமியம் காந்தம். அயர்ன் முனையைக் கிட்டே கொண்டுபோனால் வெடுக்கென்று தன் பக்கம் இழுக்கும். கையை மேசையில் ஊன்றிக்கொள்ளாவிட்டால் சூடான முனை டிரைவரின் டயப்பிரத்தில் போய்த்தான் நிற்கும். சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரியைத் தாண்டினால் காந்த சக்தியை இழக்கத் தொடங்கும் என்பதால் சூட்டையும் நீட்டிக்கக் கூடாது. டிரைவரின் காயில் கம்பி வந்து சேருவதும் நாம் பற்றவைக்கும் அதே இடத்தில்தான். அதிகம் சுட்டால் அந்தக் கம்பி கழன்றுகொண்டு டிரைவரே குப்பைக்குப் போகும். கேபிள் நுனியிலும் டிரைவர் முனையிலும் தனித்தனியே ஈயம் பூசி வைத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்துத் தொட்டு எடுத்துவிட வேண்டும்.

கிட்டின் பெரிய குறை இங்கேதான் வெளிப்பட்டது. ஒரு டிரைவரில் பிளஸ் குறி இருந்தது, இன்னொன்றில் இல்லை. வழிமுறைத் தாளில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மல்டிமீட்டர் இரண்டுக்கும் 32 ஓமை ஒட்டியே காட்டும். எது பிளஸ் என்று அது சொல்லாது. சவுண்ட் சர்வீஸ் நடத்தும் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோனேன். கோயில் கொடைகளுக்குக் குழாய் கட்டிக்கட்டி, யூனிட்டுக்கு டயப்பிரம் மாற்றிமாற்றிக் கை பழுத்தவர். "இதுக்குப் போயி எதுக்கு யோசிக்கீரு? ஒரு பென்சில் செல்லை எடுத்துத் தொட்டுப் பாரும். ரெண்டும் ஒரே பக்கமா குதிச்சா சரி" என்றார். ஒன்றரை வோல்ட் செல்லால் ஒரு கணம் தொட்டால் டிரைவர் 'டப்' என்று குதிக்கிறது. குறி உள்ள டிரைவர் எந்தப் பக்கம் குதிக்கிறது என்று பார்த்துக்கொண்டு, குறி இல்லாததையும் அதேபோல் குதிக்க வைத்தால் பிளஸ் எது என்று தெரிந்துவிடுகிறது. ஐயாயிரம் ரூபாய் பொருளில் ஒரு சொட்டுச் சிவப்பு மையை மிச்சம் பிடித்தவர்களை என்ன சொல்ல.

ஃபேஸ், அதாவது பிளஸ்-மைனஸ் இணைப்பு, சரிதானா என்பதைக் காதாலும் உறுதி செய்யலாம். அதற்குப் பழைய மோனோ பதிவுதான் தோது. 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் போட்டிபோடும் பாட்டை எடுத்துக்கொண்டேன். மோனோ என்பதால் இரண்டு காதுக்கும் போவது ஒரே ஒலி. இணைப்பு சரியாக இருந்தால் நாகஸ்வரம் நெற்றிக்கு நேரே நடுவில் நிற்கும். ஒரு பக்கம் தலைகீழாகிவிட்டால் நடுவில் ஆளே இருக்காது. ஒலி இரண்டு காதுக்கும் வெளியே சிதறி நிற்கும், அடித்தொனி காணாமல் போகும். எனக்குக் காருகுறிச்சியார் நடுவில் வந்து நின்றார். பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-இல் மறைந்த மனிதரின் காற்றை இப்படி ஒரு சோதனைக்கு வைத்ததில் கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் கேட்டுமுடித்தபின் பாட்டை நிறுத்த மனம் வரவில்லை.

பூட்டி முடித்ததும் வந்த ஒலியை நல்லது என்று சொல்ல முடியாது. ஆண் குரல்கள் எல்லாம் கிணற்றுக்குள் நின்று பேசுவதுபோல இருந்தன. பலரும் இந்த இடத்தில் டிரைவரைத் திட்டிவிட்டு ஹெட்போனை மூலையில் போட்டுவிடுவார்கள். டிரைவர்மேல் குற்றமில்லை. டிரைவரின் முதுகிலிருந்து கிளம்பும் ஒலி கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. அந்த எதிரொலிதான் குரலைக் கெடுக்கிறது. ஹெட்போனின் குணத்தில் டிரைவருக்கு எவ்வளவு பங்கோ, அதைச் சுற்றி அடைபட்டிருக்கும் காற்றுக்கும் அவ்வளவு பங்கு. கடையில் வாங்கும் ஹெட்போனில் இந்தக் காற்றை ஒரு பொறியாளர் சரிசெய்து, ஒட்டி மூடிவிட்டிருப்பார். கிட்டில் அதை நம் கையில் விட்டுவிடுகிறார்கள். நான் கொடுத்த காசுக்குக் கிடைத்தது இதுதான் என்பேன்.

சரிசெய்யத் தேவையான சாமான்களில் முக்கியமானது மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது: மைக்ரோபோர் டேப். புண்ணுக்குக் கட்டுப்போட்டபின் ஒட்டுவார்களே, அதேதான். காற்றைக் கொஞ்சம் விட்டுக் கொஞ்சம் தடுக்கும் காகிதம் என்பதால் உலகம் முழுக்க ஹெட்போன் நோண்டுகிறவர்கள் பையில் அது இருக்கும். டிரைவரின் பின்பக்கத் துளைகளை அதனால் மூட மூட பேஸ் இறங்குகிறது. கிண்ணத்துக்குள் பஞ்சு வைத்தால் எதிரொலி அடங்குகிறது. திணித்துவிட்டால் ஒலி செத்துப்போகிறது. ஒவ்வொரு முறையும் நான்கு திருகாணிகளைக் கழற்றி, டேப்பை ஒட்டி, மூடி, கேட்டு, மறுபடி கழற்ற வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்பது தனித் தலைவலி.

இதற்கு நான் வைத்த உரைகல் வில்லுப்பாட்டு. தென்பாண்டிச் சீமைக்காரனுக்கு இதைவிட நல்ல டெஸ்ட் டிராக் கிடையாது. குடம் அடியாழத்தில் முழங்கும், உடுக்கை நடுவில் பேசும், வில்லில் கட்டிய மணிகள் உச்சத்தில் சிணுங்கும், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மனிதக் குரல் கதை சொல்லும். 2022-இல் மறைந்த சுப்பு ஆறுமுகத்தின் பதிவு ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். முதலில் குடம் மணிகளை விழுங்கியிருந்தது. கொடுத்த பஞ்சில் பாதி, துளைகளில் பாதிக்கு டேப் என்று வந்தபோது மணிகள் தனியே பிரிந்து கேட்டன. 'ஆமா' போடுகிற பின்பாட்டுக்காரர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் தெரிந்தது.

மீதியிருந்த குறை 'ச', 'ஸ' ஒலிகளின் கூர்மை. டிரைவருக்கு முன்னால் ஒரு படலம் டிஷ்யூ காகிதம் வைத்ததும் குறைந்தது. மட்டமான வைத்தியமாகத் தோன்றலாம். யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கரின் ட்வீட்டர் மேல் டிஷ்யூ காகிதத்தை ஒட்டிக்கொண்டுதான் உலகத்தின் பெரிய ஸ்டுடியோக்கள் பலவற்றில் பாட்டு மிக்ஸ் செய்தார்கள்.

இனி தறிக்கு வருவோம். மெத்தை காதைச் சுற்றி நன்றாகப் படிந்தால் தறியின் 'டக்கு டக்கு' முனை மழுங்குகிறது. தரை வழியே வரும் அதிர்வும் அடித்தொனியும் அப்படியே உள்ளே வருகின்றன. மூடிய கிண்ணத்தின் இயற்கை அது. கண்ணாடி போடுகிறவர்களுக்குக் காம்பு மெத்தையைத் தூக்கிவிடுவதால் தடுப்பும் குறையும், பேஸும் ஒழுகும். சத்தத்தை மீற வால்யூமைக் கூட்டுவது மட்டும் வேண்டாம். நம் தொழிற்சாலை விதிப்படி 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் எல்லை. உலக சுகாதார அமைப்பு பாட்டுக் கேட்க வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்கிறது. தறிக்கூடத்துக்குள் உட்கார்ந்து தறிச்சத்தத்துக்கும் மேலே பாட்டு வைப்பவர் காதை இரண்டு பக்கமும் அடிக்கிறார். தெருவில், வீட்டுக்குள் இருந்து கேட்க இந்த ஹெட்போன் போதும். உள்ளே வேலை பார்ப்பவருக்குத் தேவை காதடைப்பான், பாட்டு இல்லை.

கிட்டோடு வந்த ரெக்சின் மெத்தை சங்கரன்கோவில் வெயிலுக்கு ஆகாது. அரைமணியில் காது வேர்த்துவிடுகிறது. துணி மெத்தை மாற்றினேன். சுகமாக இருக்கிறது, ஆனால் காற்று ஒழுகி பேஸ் ஒரு படி இறங்கியது. துளை டேப்பில் கொஞ்சத்தைப் பிய்த்து ஈடுகட்டினேன்.

இதே விலைக்குக் கடையில் கிடைக்கும் ஹெட்போன் ஒலியில் இதைவிடச் சீராக இருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. நான் இதைத்தான் தினம் மாட்டுகிறேன், காரணம் எதைத் தொட்டால் எது மாறும் என்று எனக்குத் தெரிகிறது. வாங்குவதாக இருந்தால் மூன்றைப் பாருங்கள். கேபிள் கிண்ணத்தில் நேரே பற்றவைப்பதாக இல்லாமல் சாக்கெட்டில் கழற்றி மாட்டுவதாக இருக்கட்டும். முதலில் அறுவது கேபிள்தான். மெத்தை வெளியில் கிடைக்கும் அளவாக இருக்கட்டும். டிரைவர் 32 ஓம் பக்கம் இருக்கட்டும். 300 ஓம் டிரைவருக்கு ஆம்ப் இல்லாமல் போனில் சத்தம் ஏறாது. போனில் 3.5 மி.மீ. துளை இல்லையென்றால் டைப்-சி டாங்கிளுக்கும் சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள்.