ஆறடிக்காரர் கார் பார்க்கப் போனால்

முக்கூடலில் ஒரு வீட்டில் புதுக் கார் எடுக்கிறார்கள் என்றால் திருநெல்வேலி ஷோரூமுக்கு ஒரு பட்டாளமே கிளம்பும். மைலேஜ் எவ்வளவு என்று மாமா கேட்பார். வெள்ளையா சிவப்பா என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். டெலிவரியை வளர்பிறையில் எடுக்கலாமா என்று ஆச்சி கேட்பார். ஓட்டப் போகிற அண்ணாச்சி ஆறடி இரண்டு அங்குல ஆளாக இருப்பார்; டிரைவர் சீட்டில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தாம்டே இருக்கு" என்று இறங்கிவிடுவார். மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் நாளில், கோவில்பட்டி வருவதற்குள் வலது தொடை மரத்துப்போகும். அந்த ஒரு நிமிடத்தை அரை மணி நேரமாக்கியிருக்கலாமே என்று அப்போதுதான் தோன்றும்.

காரின் இடவசதியை ரசிக்கவும் ஒரு பக்குவம் வேண்டும். முழங்கால், தொடை, தோள், உச்சந்தலை என்று உடம்பால் பார்த்து ரசிக்க வேண்டிய விஷயம் அது. கம்பெனி கொடுக்கும் வழுவழு கையேட்டில் நீளம், அகலம், உயரம், வீல்பேஸ் எல்லாம் மில்லிமீட்டர் பிசகாமல் இருக்கும். டிரைவர் சீட்டை எவ்வளவு பின்னால் தள்ளலாம், எவ்வளவு கீழே இறக்கலாம் என்பது பெரும்பாலும் இருக்காது. மோதல் சோதனைகளில் டிரைவர் இடத்தில் வழக்கமாக உட்கார வைக்கும் பொம்மைகூடச் சுமார் 175 செ.மீ. உயரம்தான். அதற்கு மேல் வளர்ந்தவர் தன் அளவைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெரிய வண்டி என்றால் உள்ளேயும் பெரிய இடம் என்ற நம்பிக்கையை நம் ஊரில் வளர்த்தது அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை அடியொற்றி ஐம்பதுகளின் கடைசியில் வந்து, 2014இல் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நிற்கும்வரை ஓடிய வண்டி. நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரமான வீல்பேஸ் 2.46 மீட்டர்தான், இன்றைய சின்ன எஸ்யூவிகளில் பலவற்றைவிடக் குறைவு. பிறகு எப்படிப் பின் சீட்டில் மூன்று பெரிய மனிதர்கள் வேட்டி கசங்காமல் உட்கார்ந்து வந்தார்கள்? சீட் நாற்காலி மாதிரி உயரமாக, நிமிர்ந்து இருந்தது, கூரையும் உயரம். நிமிர்ந்து உட்காருகிறவருக்குக் கால் நீட்டக் குறைவான இடம் போதும். கார் பார்க்கப் போகும் நெட்டையர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய சூத்திரம் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

இந்தச் சூத்திரத்தை ரத்தன் டாடா நன்றாகப் பிடித்துக்கொண்டார். வெளியே மாருதி ஜென் அளவு, உள்ளே அம்பாசிடர் அளவு இடம், விலை மாருதி 800 பக்கம், செலவு டீசல் செலவு என்பதுதான் இண்டிகாவுக்கு அவர் வைத்த இலக்கு. அந்தக் கார் வந்த 1998ஆம் ஆண்டிலேயே இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. 'டால் பாய்' என்று பெயர் வாங்கிய அந்த உருவத்தைப் பார்த்துச் சிரித்தவர்களும் உட்கார்ந்து பார்த்த பிறகு சிரிக்கவில்லை. மறு வருடம் மாருதி வேகன் ஆர். இதற்கெல்லாம் முன்னோடி என்று இங்கிலாந்தில் 1959இல் வந்த மினியைச் சொல்லலாம். அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்து, பத்தடி நீள வண்டிக்குள் நான்கு பெரியவர்களை உட்கார வைத்தார். இன்றைய சின்ன கார்கள் பெரும்பாலானவற்றில் எஞ்சின் குறுக்கேதான் கிடக்கிறது.

இப்போதைய வேகன் ஆரையும் டிசையரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் விஷயம் விளங்கும். வேகன் ஆர் 3655 மி.மீ. நீளம், 1675 மி.மீ. உயரம். டிசையர் 3995 மி.மீ. நீளம், 1525 மி.மீ. உயரம். நீளத்தில் ஓரடிக்கு மேல் தோற்கிற வண்டிதான் உச்சந்தலைக்கு இடம் கொடுப்பதில் ஜெயிக்கிறது. உள்ளே நுழையும்போது தலை குனிய வேண்டியதும் இல்லை. அதற்காக வேகன் ஆரையே எடுத்துவிடலாம் என்று அர்த்தம் இல்லை. 2023இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அதற்குக் கிடைத்தது ஒரே ஒரு நட்சத்திரம். 2024இல் வந்த புது டிசையருக்கு ஐந்து. தலைக்கு இடம் இருந்தால் மட்டும் போதாது, தலைக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

நெட்டையரில் இரண்டு ரகம் உண்டு. கால் நீளமானவர், உடம்பு நீளமானவர். வீட்டில் சுவரோரம் ஒரு பலகை ஸ்டூலைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்டூலிலிருந்து உச்சந்தலைவரை டேப் பிடித்தால் தெரிந்துவிடும். பொதுவாக அது மொத்த உயரத்தில் பாதியைச் சற்றே தாண்டும். ரொம்பத் தாண்டினால் உடம்பு நீளம். கூரையும், முன் கண்ணாடியின் மேல் விளிம்பும்தான் அவருக்கு எதிரி. சிக்னலில் முதல் ஆளாக நின்றால் பச்சை விழுந்ததைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். கால் நீளமானவருக்குக் கூரை பிரச்சினையே இல்லை. சீட் எவ்வளவு தூரம் பின்னால் போகிறது, ஸ்டியரிங் எவ்வளவு தூரம் முன்னால் வருகிறது என்பதில்தான் அவர் பாடு. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே உயரமாக இருந்தும், ஒருவருக்குப் பிடித்த கார் இன்னொருவருக்கு ஒத்துவராமல் போவது இதனால்தான்.

உட்கார்ந்து பார்ப்பதற்கும் வரிசை உண்டு. முதலில் சீட்டைக் கடைசிவரை கீழே இறக்க வேண்டும், பிறகு கடைசிவரை பின்னால் தள்ள வேண்டும். அங்கிருந்து தேவைக்கு முன்னால் வருவது. கிளட்சை முழுக்க மிதித்த நிலையிலும் இடது முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும்; காலை விறைப்பாக நீட்டித்தான் மிதிக்க முடிகிறது என்றால் சீட் தூரமாகிவிட்டது. முதுகைச் சாய்மானத்தில் ஒட்டிவைத்துக் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் போய் விழ வேண்டும். காலுக்குச் சரியாக சீட்டைத் தள்ளிய பிறகு கை எட்டவில்லை என்றால், ஸ்டியரிங் மேலும் கீழும் அசைந்தால் போதாது, நம் பக்கம் இழுக்கவும் முடிய வேண்டும். டெலஸ்கோபிக் ஸ்டியரிங் என்று சேல்ஸ்மேன் சொல்வது அதைத்தான். ஆறடிக்கு மேல் உள்ள ஆளுக்கு இது ஆடம்பரம் இல்லை. இது இல்லாத வண்டியில் அவர் சாய்மானத்தை நிமிர்த்தி, தோளைக் குறுக்கி, எட்டி எட்டித்தான் ஓட்டுவார்.

பிறகு தொடையைக் கவனிக்க வேண்டும். சீட்டின் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தால் சுகம். ஒரு சாண் இருந்தால் தொடை அந்தரத்தில் தொங்குகிறது என்று பொருள். மரத்துப்போன வலது தொடைக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வலது முழங்கால் கதவில் இடிக்கிறதா, இடது முழங்கால் கியர் பக்கத்துப் பிளாஸ்டிக்கில் உரசுகிறதா, கிளட்சிலிருந்து காலை எடுக்கும்போது ஸ்டியரிங் வளையத்தில் முட்டுகிறதா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முட்டினால் அதே காரின் ஆட்டோமேட்டிக்கில் உட்கார்ந்து பார்க்கலாம். கிளட்ச் போனதும் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஹெட்ரெஸ்ட் இன்னொரு ஆபத்து. அது பின்கழுத்தோடு நின்றுவிட்டால், பின்னாலிருந்து ஒரு லாரி இடிக்கும்போது கழுத்து ஒடியவே உதவும். மேல் விளிம்பு குறைந்தது காதுக்கு மேலேயாவது வர வேண்டும். சீட்டோடு சேர்த்துத் தைத்த ஹெட்ரெஸ்ட் உள்ள மலிவு வேரியன்ட்களை நெட்டையர் ஒதுக்கிவிடுவது நல்லது.

சன்ரூஃப் மோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சித்திரை வெயிலில் தாமிரபரணிக் கரையில் கூரையைத் திறந்துகொண்டு போகிறவர் யார் என்று தெரியவில்லை. ஆனாலும் இன்று பத்து லட்சத்தைத் தாண்டினால் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கண்ணாடியும் அதன் தண்டவாளமும் கூரைக்குள் ஒளிய வேண்டும் அல்லவா? சில கார்களில் அதற்காக ஒன்றிரண்டு அங்குலம் உச்சந்தலைக்கு மேலிருந்து போய்விடும். வேடிக்கை என்னவென்றால், சீட்டை இறக்கும் வசதியும் டெலஸ்கோபிக் ஸ்டியரிங்கும் அடி வேரியன்ட்டில் இருக்காது. உச்சி வேரியன்ட்டில் இருக்கும், கூடவே சன்ரூஃபும் இருக்கும். நெட்டையருக்கு வாய்ப்பது பெரும்பாலும் நடு வேரியன்ட்தான்.

என்ன உடையில் ஓட்டுவாரோ அந்த உடையில் போய்ப் பார்ப்பதும் முக்கியம். பேண்ட் போட்டுக்கொண்டு பார்த்த காரை நம் பக்கத்தில் பாதி நாள் வேட்டியோடுதான் ஓட்டுகிறார்கள். 1857 மி.மீ. உயரமுள்ள ஸ்கார்பியோ என்னில் பேண்டோடு ஏறுவது சுளுவு. வேட்டியோடு ஏறுகிறவர் ஒரு கையால் மடிப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கைப்பிடியைத் தேடுவார். இடுப்பு உயரத்துக்குச் சீட் இருந்து, பக்கவாட்டில் அப்படியே உட்கார்ந்து காலைத் திருப்பினால் போதும் என்கிற வண்டிதான் வேட்டிக்கு வாகு.

இனி வரிக் கணக்கு. நான்கு மீட்டருக்குள் அடங்கிய, 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் அல்லது 1500 சிசிக்கு மிகாத டீசல் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். இதில் ஒன்று மீறினாலும் 40. அதனால் கம்பெனிகள் 3990, 3995 என்று மயிரிழையில் வண்டியை நிறுத்துகின்றன. (பிரெஸ்ஸா நீளத்தில் 3995 மி.மீ.க்குள் அடங்கியும் பெட்ரோல் எஞ்சின் 1.5 லிட்டர் என்பதால் 40 சதவீதத்துக்குப் போய்விட்டது.) இந்தச் சட்டத்துக்குள் இடத்தை நன்றாகச் சம்பாதித்த வண்டி மகிந்திராவின் எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ. நீளம் 3990 மி.மீ.; வீல்பேஸ் 2600. ஹோண்டா எலிவேட் 4312 மி.மீ. நீளம், வீல்பேஸ் 2650. வெளியே ஓரடி வித்தியாசம், சக்கரங்களுக்கு நடுவே இரண்டு அங்குலம்தான். மீதியெல்லாம் டிக்கிக்கும் மூக்குக்கும் போனது. நாலு பேரும் நிறைய மூட்டையும் என்றால் எலிவேட்டுக்குக் காரணம் இருக்கிறது. கால் மடக்கும் சங்கடம் மட்டும்தான் என்றால் கூடுதல் வரி கட்டுமுன் 3எக்ஸ்ஓவில் ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

உட்காருவது என்றால் முன்னால் மட்டும் இல்லை. டிரைவர் சீட்டைத் தனக்கு ஏற்றபடி வைத்துவிட்டு, இறங்கி, அதற்கு நேர் பின்னால் போய் உட்கார வேண்டும். அப்பா ஆறடி என்றால் மகனும் நாளைக்கு ஆறடிதான். முழங்கால் முன் சீட்டில் குத்தினால், அந்த வண்டியில் தலைமுறை தாண்டிப் பயணம் நடக்காது. தரைக்கு அடியில் பேட்டரி அடுக்கிய மின்சாரக் கார்களில் பின் சீட்டுக்காரரின் பாதம் சற்று மேலே வந்துவிடும், முழங்கால் தூக்கிக்கொண்டு தொடை சீட்டில் படியாது; அதையும் இங்கேயே கண்டுபிடித்துவிடலாம். பணம் இருக்கிறது, ஏழு பேர் போக வேண்டும் என்கிற வீடு கடைசியில் இனோவாவில்தான் போய் நிற்கும். 2005 முதல் டிராவல்ஸ்காரர்கள் அதை விடாமல் வைத்திருப்பது காரணம் இல்லாமல் இல்லை. இனோவா கிரிஸ்டாவின் வீல்பேஸ் 2750 மி.மீ., இனோவா ஹைகிராஸ் 2850. இரண்டுமே 4.7 மீட்டருக்கு மேல் நீளம் என்பதால், வீட்டுத் தெருமுனையில் திரும்புமா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது ஷோரூம்காரர் நான்குவழிச் சாலையில் கொண்டுபோய் விடுவார். அங்கே எந்தக் காரும் நன்றாகத்தான் போகும். கூட்டமான ஒரு கடைத்தெரு, வேகத்தடை அடுக்கிய ஒரு கிராமத்துச் சாலை, முடிந்தால் பாபநாசத்துக்கு மேலே காரையாறு போகும் வளைவுப் பாதை இவை மூன்றும் வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது கை தொடையில் இடிக்கிறதா, வளைவின் உள்பக்கத்தைக் கூரைத்தூண் மறைக்கிறதா என்பதை வேறெங்கும் தெரிந்துகொள்ள முடியாது. வேகத்தடையில் தலை கூரையைத் தொட்டால் பேச்சே வேண்டாம்.

நம்பகத்தைப் பொறுத்தவரை, புத்தம் புது எஞ்சினோடு வரும் வண்டியை முதல் வருடத்தில் வாங்காமல் இருப்பது பாதிப் புத்திசாலித்தனம். கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் டீசல் 2016 முதல் நம் சாலைகளில் ஓடுகிறது. மாருதியின் கே சீரிஸ் எஞ்சின் குடும்பம் 2008இல் ஏ-ஸ்டாரோடு வந்தது. இப்படிப் பல லட்சம் பேர் ஓட்டித் தேய்த்த எஞ்சினுக்கு மெக்கானிக்கும் கிடைப்பார், உதிரியும் கிடைக்கும். டீசல் ஆசை உள்ளவர் தன் ஓட்டத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பிஎஸ்6 விதியால் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நல்ல வேகத்தில் சூடேறி ஓடினால்தான் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் நடுவே மட்டும் நின்று நின்று ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். அப்படி ஓட்டுகிறவருக்குப் பெட்ரோல் போதும். வாரம் ஒரு முறை மதுரை போகிறவருக்கு டீசல் பொருந்தும். வாரண்டியையும் எழுத்தில் படிக்க வேண்டும். மாருதி 2024 ஜூலையில் தன் சாதாரண வாரண்டியையே 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. என்று உயர்த்தியது.

கடைசியாக ஒரு நுணுக்கம். ஓட்டிப் பார்க்கத் தரும் டெமோ கார் பெரும்பாலும் உச்சி வேரியன்ட். புக் செய்வதோ நடு வேரியன்ட்டாக இருக்கும். டெமோவில் சீட் கீழே இறங்கியது, ஸ்டியரிங் முன்னே வந்தது என்பதற்காக வாங்கும் வண்டியிலும் அது இருக்கும் என்று இல்லை. அதே வேரியன்ட் ஸ்டாக்யார்டில் நிற்கிறதா என்று கேட்டு, போய்க் கதவைத் திறந்து, சீட்டின் பக்கவாட்டில் ஏற்றி இறக்கும் நெம்புகோலையும் ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள பூட்டையும் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கட்டலாம்.