பெயரிட்டோரும் பெயர் பெற்றோரும்

1620ஆம் ஆண்டில் மேஃபிளவர் கப்பலேறி அமெரிக்கா சென்ற 102 ஆங்கிலேயருள் சமய விடுதலை நாடியோர் ஏறத்தாழப் பாதிப்பேரே. ஏனையோர் பிழைப்பு நாடியோர். எனினும், வரலாறு அவர்கள் அனைவரையும் 'யாத்திரிகர்' என்றே போற்றுகின்றது.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் துரைமாரின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்தோரையோ அது 'கூலிகள்' என்றே குறித்தது. மதம் பரப்ப 1854இல் தோன்றிய 'தமிழ்க் கூலி மிஷன்' கூட அச்சொல்லையே தன் பெயராகச் சூடிக்கொண்டது.

பஞ்சமும் கங்காணியும் அவர்களைக் கொணர்ந்தமை உண்மையே. ஆயின், மாரியம்மனையும் காமன் கூத்தையும் அவர்கள் உடன்கொணர்ந்தமையை அப்பெயர் மறைத்துவிடுகின்றது. ஊர்ப் பெயரே ஆங்கிலமாய்விட்ட நோட்டன் பிரிட்ஜைச் சூழ்ந்த தோட்டங்களிலும் லயங்களை அடுத்துக் கோயில்கள் எழுந்தன. குடியேறியோர் இம்மண்ணைத் தமதாக்கிக்கொண்ட முறை அது.

இது வெறும் சொற்பூசல் அன்று. உழைப்பாக மட்டும் எண்ணப்பட்டோருள் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிற்று. எஞ்சியிருந்தோரின் குறையை 2003ஆம் ஆண்டுச் சட்டமே தீர்க்க முற்பட்டது. வரலாற்றின் குறையோ சட்டத்தால் தீர்வதன்று. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தோட்டப் பதிவேடுகளுக்கு நிகரான சான்றாக ஏற்கும்போதே அது தீரும்.