தூங்காத ஹேக்கின்டாஷ்

ஒரு ஹேக்கின்டாஷ், அதாவது ஆப்பிளின் மேக் ஓஎஸ்ஸை ஓட்டும் சாதாரணக் கணினி, சரியாக அமைந்திருக்கிறதா என்று அறிய வேகத்தை அளக்கும் மென்பொருள் எதுவும் வேண்டாம். ஆப்பிள் மெனுவைத் திறந்து ‘ஸ்லீப்’ கொடுத்துப் பார்த்தால் போதும். விசிறி நின்று, சற்று நேரம் கழித்துக் கீபோர்டைத் தட்டியதும் திரை எழுந்து, பின்பக்கம் செருகியிருந்த ஹார்டு டிஸ்க்கும் இருந்த இடத்தில் இருந்தால், அமைத்துக் கொடுத்தவர் வேலை தெரிந்தவர். நின்ற விசிறி மூன்றாம் நொடியிலேயே மறுபடி சுழன்றாலோ, டிஸ்க் முறையாக வெளியேற்றப்படவில்லை என்ற எச்சரிக்கை திரையில் வந்து நின்றாலோ, அந்தக் கணினியில் பாதி வேலை இன்னும் பாக்கி. ஸ்லீப், யுஎஸ்பி என்னும் இந்த இரண்டு கோளாறுகளையும் தீர்க்கும் முறையை வைத்தே ஹேக்கின்டாஷ் என்ற பழக்கத்தை எடைபோட முடியும் என்று நினைக்கிறேன். அதன் அறிவும் அதன் அலட்சியமும் இங்கேதான் வெளிப்படுகின்றன.

ஆப்பிள் தன் கணினிகளை பவர்பிசி சிப்பிலிருந்து இன்டெல்லுக்கு மாற்றப் போவதாக 2005 ஜூனில் அறிவித்தது. 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக் வந்தது. மேக்கின் உள்ளேயும் கடையில் கிடைக்கும் மதர்போர்டிலும் ஒரே வகைச் சிப் இருக்கும்போது, மேக் ஓஎஸ்ஸை ஏன் சாதாரணக் கணினியில் ஓட்டக்கூடாது என்ற கேள்வி அப்போதே பிறந்துவிட்டது. அதற்குப் பலர் சேர்ந்து கண்ட விடைதான் ஹேக்கின்டாஷ். கணினியில் மேக் ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர்கள் கமீலியன், குளோவர் என்று வளர்ந்தன; அந்த வரிசையில் 2019-ல் ஓப்பன்கோர் வந்தது. இன்று இந்த வேலை பெரும்பாலும் அதை வைத்துத்தான் நடக்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்த ஆசைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கல்யாண வீடியோவும் ஆல்பமும் செய்து பிழைப்பவர்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வீடியோ தொகுக்கும் ஃபைனல் கட் புரோ விண்டோஸில் ஓடாது. மேக்கின் விலையோ நீண்ட காலம் கைக்கு எட்டாததாகவே இருந்தது. அசெம்பிள் செய்த கணினியில் தேவைக்கேற்ப ரேம் சேர்க்கலாம், டிஸ்க் சேர்க்கலாம், பழுதானால் அந்த உறுப்பை மட்டும் மாற்றலாம். ஆகவே ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் அசெம்பிள் பெட்டியில் மேக் ஓஎஸ் ஓட்ட நினைப்பது இயல்பான கணக்கு.

இந்தப் பகுதிக்கு அந்த மனநிலை பழக்கமானதும்கூட. லாரியின் சேஸிஸ் கம்பெனியிலிருந்து வரும், பாடியை நாமக்கல் பட்டறையில் கட்டிக்கொள்வார்கள். ஆனால் இந்த ஒப்புமை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது, விஷயமே அந்த இடம்தான். சேஸிஸ் செய்பவர் பாடி கட்டுபவரை எதிர்பார்த்தே அதை விற்கிறார். எங்கே துளை போடலாம், எங்கே வெல்டிங் வைக்கக் கூடாது, எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதியும் தருகிறார். ஆப்பிள் அப்படி யாரையும் எதிர்பார்க்கவில்லை. தான் செய்த போர்டில் எந்தத் துளை எங்கே இருக்கிறது என்பது அதற்கு முன்பே தெரியும், அதை நம்பியே மேக் ஓஎஸ்ஸை எழுதுகிறது. நம் போர்டைச் செய்த நிறுவனமோ விண்டோஸை மனத்தில் வைத்து பயாஸ் எழுதுகிறது. ஒன்றை ஒன்று அறியாத இந்த இரண்டு தரப்பும் நுணுக்கமாக ஒத்துப்போக வேண்டிய இடங்கள் என்று பார்த்தால் ஸ்லீப்பும் யுஎஸ்பியும்தான் முதலில் நிற்கும். கோளாறு அங்கே குவிவதில் வியப்பில்லை.

யுஎஸ்பியை எடுத்துக்கொள்வோம். 2015-ல் வந்த எல் கேப்பிடன் பதிப்பிலிருந்து ஒரு யுஎஸ்பி கன்ட்ரோலருக்கு 15 போர்ட்டுகளுக்கு மேல் மேக் ஓஎஸ் ஏற்பதில்லை. கருவியின் இட முகவரியில் ஒவ்வோர் அடுக்குக்கும் பதினாறடிமான எண்ணில் ஒரே ஓர் இலக்கம்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதன் உச்சம் 15. கேபினட்டில் அத்தனை துளை ஏது என்று கேட்கத் தோன்றும். நீல நிற 3.0 துளை ஒவ்வொன்றும் கணக்கில் இரண்டு: பழைய வேகத்துக்கு ஒன்று, புதிய வேகத்துக்கு ஒன்று. முன்பக்க இணைப்பு, புளூடூத் சிப், சில போர்டுகளில் வண்ண விளக்குகளை இயக்கும் சிப் எல்லாம் உள்ளுக்குள் யுஎஸ்பிதான். 100 வரிசை இன்டெல் சிப்செட் ஒன்று, பயன்படுத்துபவை பயன்படுத்தாதவை சேர்த்து, 26 போர்ட் வரை காட்டும். அந்த வரிசையில் பழைய வேகப் போர்ட்டுகள் முன்னால் நிற்கின்றன, 3.0 போர்ட்டுகள் கடைசியில் நிற்கின்றன. 15-ல் கத்தரித்தால் வெட்டுப்படுவது வேகமானவைதான்.

ஸ்டுடியோக்காரருக்கு இதன் பொருள் என்ன? 3.0 டிஸ்க்கைச் செருகினால் ஒன்றுமே தெரியாது, அல்லது 480 மெகாபிட் வேகத்தில் நகரும். அந்த வேகத்தில் நடைமுறையில் நொடிக்கு 35 எம்பி கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், 64 ஜிபி மெமரி கார்டு ஒன்றை இறக்க அரை மணி நேரம். கார்டே நொடிக்கு 90 எம்பி தரக்கூடியது என்றால், சரியான போர்ட்டில் அதே வேலை 12 நிமிடத்தில் முடிந்திருக்கும். முகூர்த்த மாதத்தில் ஒரே நாளில் நான்கைந்து கார்டுகள் வந்து விழும்போது இந்த வித்தியாசத்தின் அருமை தெரியும்.

இதைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 15 என்ற வரம்பையே நீக்கிவிடும் குறுக்குவழி. ஓப்பன்கோரில் அதற்கென ஓர் அமைப்பு இருக்கிறது. மற்றது, ஒவ்வொரு துளையிலும் 2.0 பென்டிரைவையும் 3.0 பென்டிரைவையும் மாறி மாறிச் செருகி, எந்தத் துளை எந்தப் பெயரில் தெரிகிறது என்று குறித்து, வேண்டிய 15-ஐ மட்டும் தேர்ந்து ஒரு வரைபடம் செய்வது. புளூடூத் சிப்பை ‘உள்ளே இருப்பது’ என்று அதில் குறிக்க வேண்டும். அப்படிக் குறிக்காவிட்டால் யாரோ வெளியில் செருகிய கருவி என்று மேக் ஓஎஸ் அதை எடுத்துக்கொள்ளும், ஸ்லீப் குலைவதற்கு அதுவும் ஒரு காரணமாகும். முதல் வழிக்கு ஒரு நிமிடம் போதும், இரண்டாவதற்கு ஒரு மாலைப்பொழுது வேண்டும். மேக் ஓஎஸ்ஸின் பிக் சர் 11.3 பதிப்பு வந்தபோது வரம்பு நீக்கும் வழி வேலை செய்யாமல் போயிற்று. வரைபடம் செய்து வைத்திருந்தவர்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

ஸ்லீப் இன்னும் ஆழமான விஷயம். கணினி எஸ்3 என்னும் நிலைக்குப் போகும்போது சிபியு அணைந்துவிடும், விசிறி நிற்கும், ரேமுக்கும் கணினியை எழுப்பக்கூடிய சில உறுப்புகளுக்கும் மட்டும் மின்சாரம் ஓடும். எஸ்எம்பிஎஸ் தரும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம்தான் அப்போது அவற்றை உயிரோடு வைத்திருக்கிறது. எந்தக் கருவி கணினியை எழுப்பலாம் என்பதை போர்டில் உள்ள ஏசிபிஐ அட்டவணை சொல்கிறது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் 1996 டிசம்பரில் வெளியிட்ட நியமம்தான் ஏசிபிஐ. யுஎஸ்பி கன்ட்ரோலரும் நெட்வொர்க் கார்டும் தங்களுக்கு எழுப்பும் உரிமை உண்டு என்று அந்த அட்டவணையில் எழுதி வைத்திருக்கும். தூங்கப் போகும் தருணத்தில் யுஎஸ்பி பக்கம் ஒரு சின்ன அசைவு இருந்தால் போதும், கணினி உடனே எழுந்துவிடும். மூன்றாம் நொடியில் விசிறி சுழல்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அநேகர் இதைச் சரிசெய்வது, எழுப்பும் உரிமையை அட்டவணையிலிருந்தே பிடுங்கிவிடும் ஒரு சின்னக் கோப்பைச் சேர்த்து. கணினி அமைதியாகத் தூங்கும். ஆனால் பிறகு கீபோர்டைத் தட்டினால் எழாது, பவர் பட்டனைத்தான் அழுத்த வேண்டியிருக்கும். நோய் போயிற்றா, அறிகுறி மறைந்ததா என்று கேட்டால் அறிகுறிதான் மறைந்தது. போர்ட் வரைபடம் சரியாக இருந்து, தூக்கத்திலும் விழிப்பிலும் யுஎஸ்பிக்கு எவ்வளவு மின்சாரம் தரலாம் என்ற விவரமும் முறையாகச் சேர்க்கப்பட்டிருந்தால், பல கணினிகளில் அந்தக் கோப்புக்கே தேவை இராது. யுஎஸ்பியைச் சரிசெய்யாமல் ஸ்லீப்பைத் தொடக்கூடாது என்பதை இந்தத் துறையின் முதல் விதியாகவே சொல்லலாம். அதிகம் மீறப்படும் விதியும் அதுதான்.

இந்தப் பழக்கத்தின் உண்மையான பலத்தை இங்கே தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒழுங்காகக் கோளாறு தேடுபவர் ஊகத்தில் தொடங்குவதில்லை. டெர்மினலில் பிஎம்செட் கட்டளையைக் கொடுத்தால் எந்தச் செயலி தூக்கத்தைத் தடுக்கிறது, கடைசியாகக் கணினியை எழுப்பியது எது என்ற பதிவு வரும். எழுப்பியது யுஎஸ்பி என்றால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்வார், பலனைக் குறித்து வைப்பார். கல்லூரியில் கணினி அறிவியல் படித்தும் தன் போர்டின் ஏசிபிஐ அட்டவணையைத் திறந்தே பார்க்காதவர்கள் ஏராளம். பட்டம் இல்லாத ஒரு அசெம்பிளர், தூங்காத ஒரு பெட்டியை முன்வைத்து அதை வரி வரியாகப் படிக்கக் கற்கிறார் என்றால், அந்தக் கல்வியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். இதற்கான கருவிகளையும் விளக்கங்களையும் உலகெங்கும் இருந்து எழுதிக் கொடுத்தவர்கள் அவற்றை இலவசமாகவே தந்தார்கள் என்பதும் மறக்கக் கூடாதது.

ஆனால் நடைமுறையில் பரவியது அந்தப் பொறுமை அல்ல. பரவியது, பூட்லோடரும் அதன் அமைப்புகளும் அடங்கிய, வேறொருவர் தன் போர்டுக்குச் செய்த இஎஃப்ஐ ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துப் போடும் வழக்கம். போர்டின் பெயர் ஒன்றாக இருந்தாலும் பயாஸ் பதிப்பு மாறினால் அட்டவணை மாறும், கேபினட் மாறினால் முன்பக்கத் துளை மாறும். நகலெடுத்தவருக்குத் தன் கணினியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. அதோடு அந்த ஃபோல்டரில் முன்னவரின் சீரியல் எண்ணும் வந்துவிட்டால், ஐமெசேஜ், ஐகிளவுடு சேவைகளிலும் தொல்லை தொடங்கும். நகலெடுத்தும் தூங்கவில்லை என்றால் ‘ஸ்லீப்பை ஆஃப் பண்ணி வையுங்கள்’ என்பார்கள். சேலத்துக் கோடையில் பகல் முழுதும் இரவு முழுதும் ஓடும் பெட்டிக்கு இது தீர்வு ஆகாது. மின்கட்டணமும் ஏறும், விசிறியும் தேயும்.

மின்சாரத்தைப் பற்றி இன்னொன்று. எஸ்3 தூக்கத்தில் வேலை முழுவதும் ரேமில்தான் நிற்கிறது. அந்த நேரத்தில் கரண்ட் போனால் சேமிக்காத திருத்தம் எல்லாம் போயிற்று. ஆப்பிளின் மேசைக் கணினிகளிலும் ரேமை டிஸ்க்கில் எழுதி வைக்கும் வசதி இயல்பாக அணைந்தே இருக்கும் என்பதால் இதை ஹேக்கின்டாஷின் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்தடை அறிவிக்கப்படும் ஊரில், ஸ்லீப்பைச் சரிசெய்து கொடுப்பவர் யுபிஎஸ் பற்றியும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். வேற்று நாட்டு வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்யும்போது விடுபட்டுப் போவது இந்த மாதிரி உள்ளூர் நிலைமைதான்.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது ஆள் சார்பு. கணினி எப்படி ஓடுகிறது என்பது அமைத்தவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விட்டால், ஒரு பயாஸ் ரீசெட்டோ ஒரு அப்டேட்டோ போதும், ஸ்டுடியோ நின்றுவிடும். 2023-ல் வந்த சோனோமா பதிப்பு, அதுவரை ஹேக்கின்டாஷ்காரர்கள் விரும்பி வாங்கிய பழைய பிராட்காம் வைஃபை கார்டுகளைக் கைவிட்டது. அப்டேட் கொடுத்த மறுநிமிடம் வைஃபை போயிற்று. வழக்கமான சர்வீஸ் கடையில் இதற்கு விடை கிடைக்காது. டிஸ்க் முறையாக வெளியேற்றப்படவில்லை என்ற அந்த எச்சரிக்கை, படங்களை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் வந்தால் சேதம் ஸ்டுடியோக்காரரோடு நிற்காது. ஒரு குடும்பத்தின் கல்யாணம் அந்த டிஸ்க்கில் இருக்கிறது, அதை மறுபடி எடுக்க முடியாது.

சட்டப் பக்கம் சுருக்கமானது. மேக் ஓஎஸ்ஸை ஆப்பிள் பெயர் பொறித்த கணினியில் மட்டுமே நிறுவலாம் என்று உரிமம் சொல்கிறது. அமெரிக்காவில் சைஸ்டார் என்ற நிறுவனம் 2008-ல் இப்படிச் செய்த கணினிகளை விற்கத் தொடங்கியது. ஆப்பிள் வழக்குத் தொடுத்தது, 2009 டிசம்பரில் நீதிமன்றம் தடை விதித்தது, 2011-ல் மேல்முறையீட்டிலும் அந்த முடிவு நின்றது. வீட்டில் ஒருவர் தானே செய்து பார்ப்பதும், கடைக்காரர் அமைத்து விற்பதும் ஒரே நிலையில் இல்லை. காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்து தருவதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

இப்போது இந்தக் கணக்கே மாறிவிட்டது. ஆப்பிள் 2020 நவம்பரில் தன் சொந்த எம்1 சிப்போடு மேக்குகளை வெளியிட்டது, 2023 ஜூனில் மாற்றத்தை முடித்துக்கொண்டது. 2025 செப்டம்பரில் வந்த டஹோ 26 தான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று அறிவித்தும்விட்டது. அடுத்த பதிப்புக்கு அசெம்பிள் பெட்டியில் இடமில்லை. இன்னொரு பக்கம், 2024 இறுதியில் வந்த எம்4 மேக் மினி 16 ஜிபி ரேமோடு இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு அறிமுகமானது. நல்ல போர்டும் கிராஃபிக்ஸ் கார்டும் வாங்கி அசெம்பிள் செய்தாலே ஏறக்குறைய அந்தத் தொகை வந்துவிடும். வீடியோ தொகுப்பு மட்டுமே தேவை என்றால், அதே அசெம்பிள் கணினியில் விண்டோஸில் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே ஓடும்.

ஆகவே பிழைப்புக்காகப் புதிதாக ஒரு ஹேக்கின்டாஷ் அமைப்பது இன்று தவறான முடிவு. கற்பதற்காக என்றால், ஒதுங்கிக் கிடக்கும் பழைய போர்டு ஒன்றில் செய்து பாருங்கள். யாருடைய ஃபோல்டரையும் நகலெடுக்காமல் போர்ட் வரைபடத்திலிருந்தே தொடங்குங்கள். ஏற்கெனவே ஒன்றை வைத்து ஸ்டுடியோ நடத்துபவர்கள் அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். அமைத்தவரிடம் பயாஸ் அமைப்புகளையும் போர்ட் வரைபடத்தையும் ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள், இஎஃப்ஐ ஃபோல்டரின் நகலைத் தனிப் பென்டிரைவில் வையுங்கள். வாடிக்கையாளரின் படங்கள் உள்ள டிஸ்க்கைக் கழற்றிவிட்டே கணினியைத் தூங்க விடுங்கள்.