விட்டுக்கொடுத்த சம்பளத்துக்குக் கணக்கு எங்கே?

பிரதமராகப் பதவியேற்ற நான்காம் நாள், 2022 மே 16 அன்று, ரணில் விக்கிரமசிங்க நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2020/21 நிதியாண்டில் மட்டும் 4,500 கோடி ரூபா நட்டப்பட்டது, 2021 மார்ச் முடிவில் திரண்ட நட்டம் 37,200 கோடி ரூபா என்றார். விமானத்தில் ஒருநாளும் கால் வைக்காத ஏழைகளும் இதைச் சுமக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் வாதம். கண்டிப் பக்கத்தில் இருந்து பார்த்தால் அது பாதி உண்மைதான். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்ட லயன்களில் இருந்து எத்தனையோ பெண்கள் விமானம் ஏறியிருக்கிறார்கள், குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுவேலைக்குப் போவதற்காக. அவர்கள் அனுப்பிய பணம் நாட்டுக்கு டொலர் ஆனது. ஊரில் இருந்த குடும்பம் சவர்க்காரத்துக்கும் போன் ரீலோடுக்கும் கட்டிய வரி, அதே கம்பனியின் நட்டத்தை அடைக்கவும் போனது. பயணியும் அவர்களே, கடன்காரரும் அவர்களே. பேச்சுவார்த்தை மேசையில் மட்டும் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

விமானக் கம்பனி நெருக்கடியில் விழுந்தால் இரண்டு கதவுகளைத் தட்டும். ஊழியரிடம் போய்ச் சம்பளத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லும். அரசிடம் போய்ப் பணம் கேட்கும். கொவிட் காலத்தில் உலகம் முழுவதும் விமானிகள் இதைப் பற்றித்தான் தங்களுக்குள் வாதாடினார்கள். கொடுத்தால் வேலை மிஞ்சுமா? அரசு உதவி வரும்போது நாம் எதற்குக் கொடுக்க வேண்டும்?

விட்டுக்கொடுப்பில் நியாயம் இருக்கிறது. ஒரு விமானியைப் பணிநீக்கம் செய்துவிட்டு ஆறு மாதம் கழித்து அழைத்தால் அவர் நேராகப் போய் விமானத்தை எடுக்க முடியாது. கடந்த 90 நாளில் மூன்று தடவையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. தவறினால் சிமியுலேட்டரில் உட்கார்ந்து மீட்டெடுக்க வேண்டும். ஏ320, ஏ330 என்று ஒவ்வொரு ரகத்துக்கும் தனித் தகுதி வேறு. ஆகவே எல்லோரும் கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொண்டு எல்லோரும் வேலையில் இருப்பது கம்பனிக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது. 2020இல் ஸ்ரீலங்கனிலும் சம்பளம் வெட்டப்பட்டது. அந்தக் காலத்தில்தான் வெளிநாடுகளில் சிக்கியவர்களை ஏற்றி வந்ததும் சரக்கைக் கொண்டுபோனதும் நடந்தது. 2022இல் கட்டுநாயக்கவில் எரிபொருள் இல்லாதபோது, திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு அங்கிருந்து தூரப் பயணத்தைத் தொடர்ந்தார்கள். அந்த ஆட்கள் இல்லாமல் போயிருந்தால் நாடு இன்னும் மோசமாக முடங்கியிருக்கும். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன்.

ஆனால் விமானியின் சம்பளம் எப்படி அமைகிறது என்று பார்க்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் ஒரு பங்கு. பறக்கும் மணிக்கு ஏற்ற கொடுப்பனவு இன்னொரு பங்கு. விமானம் தரையில் நின்றாலே இரண்டாவது பங்கு தானாகப் போய்விடும். அதன்மேல் அடிப்படையிலும் வெட்டு விழுந்தால் இழப்பு இரட்டிப்பு. கண்டி ஹோட்டல்களிலும் இதுவே நடந்தது. 2020 மே மாதம் அரசு, முதலாளிமார், தொழிற்சங்கங்கள் மூன்றும் கூடி, வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இதில் எது கூடவோ அதைக் கொடுப்பது என்று இணங்கின. ஹோட்டல் ஊழியரின் வீட்டை நடத்துவது சேவைக் கட்டணத்தில் வரும் பங்கு. அந்த வருஷம் எசல பெரஹராவே பார்வையாளர் இல்லாமல் நடந்தது. சேவைக் கட்டணம் எங்கிருந்து வரும்? ஆனாலும் அந்த இணக்கத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. அடிமட்டத் தொகை எழுத்தில் இருந்தது, காலமும் எழுத்தில் இருந்தது. குறையும் வெளிப்படை: அரசு மத்தியஸ்தம் செய்தது, சம்பளத்துக்குப் பணம் போடவில்லை.

அமெரிக்காவில் அரசு பணம் போட்டது. 2020 மார்ச்சில் நிறைவேறிய சட்டத்தின்படி பயணிகள் விமானக் கம்பனிகளுக்குச் சம்பளம் கொடுக்கவென்றே 2,500 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. செப்டெம்பர் முடியும்வரை ஆட்குறைப்பு கூடாது, சொந்தப் பங்கைத் திரும்ப வாங்கக் கூடாது, உயர் அதிகாரிகளின் ஊதியத்துக்கு வரம்பு என்று நிபந்தனைகள் வைத்தார்கள். நெதர்லாந்து வேறு வழியில் போனது. அங்கே நிபந்தனை விமானிகள் மேல் விழுந்தது: கடன் ஓடும் ஐந்து ஆண்டுக்கும் சம்பளக் கட்டுப்பாட்டுக்கு இணங்கும்வரை கேஎல்எம்முக்கான 340 கோடி யூரோ உதவித் திட்டத்தை நிதியமைச்சர் நிறுத்தி வைத்தார், 2020 நவம்பரில் சங்கம் கையெழுத்திட்டது. கடுமையான வழிதான். ஆனால் எதற்காக எதைக் கொடுக்கிறோம் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

தெரியாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கன் எயார்லைன்ஸ் உதாரணம். 2003இல் அதன் தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 160 கோடி டொலர் விட்டுக்கொடுக்க வாக்களித்தன. அதே நேரத்தில் உயர் அதிகாரிகளுக்குத் தனிப் போனஸும் ஓய்வூதியப் பாதுகாப்பும் ஏற்பாடாகியிருந்தது பின்னர்தான் வெளியே வந்தது. தலைவர் டொன் கார்ட்டி பதவி விலக நேர்ந்தது. வெட்டைத் தாங்கிக்கொண்ட ஊழியர், மறைத்ததை மன்னிக்கவில்லை. சம்பளத்துக்குப் பதில் பங்கு வாங்குவதும் உறுதியான காப்பு அல்ல. 1994இல் யுனைட்டெட் ஊழியர் வெட்டை ஏற்று கம்பனியில் 55 சதவீதம் பெற்றார்கள். 2002இல் கம்பனி வங்குரோத்தானபோது பங்கும் காகிதமானது.

நம்மிடம் கோளாறு அதற்கும் முந்தியது. ஸ்ரீலங்கனின் பெரிய நட்டங்கள் விமானியின் சம்பளப் பட்டியலில் பிறந்தவை அல்ல. 1998இல் எமிரேட்ஸ் பங்காளியாக வந்தது. 2008இல் நிர்வாகத்தை விட்டுப் போனது. 2010இல் அதன் 43.63 சதவீதப் பங்கை அரசு 5.3 கோடி டொலருக்குத் திருப்பி வாங்கியது. 2013இல் ஏ350 விமானங்களுக்கு ஓடர் கொடுத்து, 2016இல் இரத்துச் செய்து, அதற்கு நட்டஈடும் கட்டினோம். அந்தக் கொள்வனவுகளைச் சுற்றிய லஞ்ச விவகாரம் 2020 ஜனவரியில் இலண்டன் நீதிமன்றத்தில் எயார்பஸ் செய்துகொண்ட உடன்பாட்டில் வெளிவந்தது. இந்த ஓட்டையை எந்த விமானியின் அடிப்படைச் சம்பளத்தால் அடைப்பது?

அரசு உதவியும் இங்கே உதவி என்ற பெயரில் வரவில்லை. 2019இல் கம்பனி 17.5 கோடி டொலர் கடன்பத்திரம் வெளியிட்டது. திறைசேரி உத்தரவாதம் கொடுத்தது. அன்றைக்கு ஒரு சதமும் செலவாகவில்லை, ஆகவே யாரும் கேள்வி கேட்கவில்லை. 2022இல் நாடே கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது அதுவும் நம் கடனோடு சேர்ந்தது. உத்தரவாதத்தில் உள்ள ஆபத்து இதுதான். பணம் போகும் நாளில் நிபந்தனை வைக்கும் வாய்ப்பு முடிந்திருக்கும்.

2023 ஜனவரியில் வருமான வரி உச்சம் 36 சதவீதமானது. பேராதனை விரிவுரையாளரும் வைத்தியரும் வங்கி ஊழியரும் தெருவில் இறங்கினார்கள். விமானிகளும் எதிர்த்தார்கள், பலர் போயும்விட்டார்கள். வளைகுடாக் கம்பனிகள் அப்போது ஆள் தேடிக்கொண்டிருந்தன. விமானிகள் போதாமல் பயணங்கள் தாமதமாயின. வெட்டை எப்போது, எப்படித் திருப்பித் தருவோம் என்ற நம்பத்தக்க உறுதி இருந்திருந்தால் சிலரையாவது பிடித்து வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். போனவர்களைத் துரோகிகள் என்று பேசுவது எனக்கு உடன்பாடல்ல. போக இடம் இருப்பதே அவர்களுடைய பேரம்பேசும் பலம்.

கொழுந்து பறிப்பவருக்கு அந்தப் பலம் இல்லை. நிறை போதாவிட்டால் ‘அரைப்பேர்’, அதாவது அரைநாள் கூலி, எழுதப்படும் பெண், கம்பனி நட்டத்தில் இருக்கிறது என்ற பேச்சைப் பல ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறார். 2021இல் 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கும், 2024இல் 1,700 ரூபாவுக்கும் எதிராகத் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில், 1,350 ரூபாவான நாட்சம்பளத்தை 1,550 ஆக்கி, அதன்மேல் 200 ரூபாவை அரசே வருகைக் கொடுப்பனவாகத் தருவதாக அறிவித்தார்கள். அந்த 200 ரூபாவை நான் வரவேற்கிறேன். அது வேண்டிய பணம். ஆனால் தனியார் கம்பனியின் சம்பளச் செலவில் பொதுப்பணம் சேர்கிறது என்பதால் இதுவும் விமானக் கம்பனிக் கதையின் இன்னொரு வடிவமே. தொழிலாளிக்கு வருகை என்ற நிபந்தனை இருக்கிறது. மறுநடுகை, லயன் வீடு, கணக்கைத் திறந்து காட்டுவது ஆகியவற்றில் கம்பனிக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

ஸ்ரீலங்கனை விற்பதில்லை என்று இன்றைய அரசு முடிவெடுத்திருக்கிறது. அப்படியானால் அடுத்த உத்தரவாதத்தில் திறைசேரி கையெழுத்திடுவதற்கு முன்பே, ஊழியர் விட்டுக்கொடுத்த தொகை எவ்வளவு, அது எந்த ஆண்டில் திரும்பும், அதிகாரிகள் என்ன விட்டுக்கொடுத்தார்கள் என்ற மூன்றும் அரச நிறுவனங்களை ஆராயும் பாராளுமன்றக் கோப் குழு முன் வர வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்களில் கண்டி, நுவரெலியா உறுப்பினர்களுக்குப் பங்கு அதிகம். அவர்களுடைய வாக்காளர்தான் பயணி, கடன்காரர் என்ற இரண்டு பட்டியலிலும் இருக்கிறார்கள்.