‘பாதையில் பதிந்த அடிகள்’: ஒரு திறனாய்வு

வீரமாதரின் வாழ்க்கையை அருளுரைக்கு எடுத்தாளும் நம்மவர்க்கு ஒரு பழக்கமுண்டு. அவள் இழந்தவற்றை அடுக்கிக் கூறி, சிலுவை சுமத்தல் இதுவேயென்று முடித்துவிடுவோம். சுமத்தியவர் யாரென்பது பேச்சில் வராமற்போகும். இரண்டு சாமுவேல் 21-ஆம் அதிகாரத்தின் ரிஸ்பாளையும் இவ்வாறே வாசிக்கிறோம். பகலிற் பறவைகளையும் இரவில் விலங்குகளையும் விரட்டிய தாயன்பைப் பாராட்டுவோம். அவள் மைந்தர் இருவர் உட்பட எழுவரைச் சாவுக்கு ஒப்புக்கொடுத்தவன் தாவீது என்பதை மெல்லக் கடந்துவிடுவோம்.

ராஜம் கிருஷ்ணனின் ‘பாதையில் பதிந்த அடிகள்’ (1991) இப்பழக்கத்திற்கு நல்ல மாற்று. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிக் ‘கரிப்பு மணிகள்’ (1979) எழுதிய ஆசிரியை, இந்நாவலில் கீழத்தஞ்சையின் மணலூர் மணியம்மையை வரைகிறார். பிராமணக் குலத்திற் பிறந்து, சிறுவயதிலேயே மணமுடிக்கப்பெற்றுக் கைம்பெண்ணானவர் மணியம்மை. முதலிற் காங்கிரசிலும் பின்னர்ப் பொதுவுடைமை இயக்கத்திலும் சேர்ந்து, சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் ஆளான பண்ணையாட்களோடு நின்றார். உற்றார் விலகினர், சிறையும் நேர்ந்தது. தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டு, வேட்டியும் சட்டையும் அணிந்து ஊர்ஊராகச் சென்றார். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. மறு ஆண்டே மானின் கொம்பு குத்தி மாண்டார்.

ஆத்தூரில் மாதர் கூட்டமொன்றில் இவ்வரலாற்றைச் சொன்னேன். அளத்து வேலைக்குச் செல்லும் தாயார் ஒருவர், “முடிய அவியளே வெட்டிக்கிட்டாவளா, வேற யாரும் வெட்டிவிட்டாவளா ஐயா?” என்று கேட்டார். நான் அதையும் இழப்புகளின் பட்டியலிற் சேர்த்திருந்தேன். கைம்பெண்ணின் தலையைப் பிறர் மழிப்பது அந்நாளில் அக்குலத்து வழக்கம். அது அவள்மேற் சுமத்தப்பட்டது. கிராப்போ மணியம்மை தாமே தெரிந்துகொண்டது. இரண்டையும் ‘தியாகம்’ என்ற ஒரே சொல்லால் மூடுவது தவறென்று அன்றுதான் உணர்ந்தேன்.

ஆத்தூருக்கு அண்மையிலுள்ள புன்னைக்காயல், அண்டிரிக்கு அடிகளார் ஊழியஞ்செய்த ஊர்; அவர்தம் ‘அடியார் வரலாறு’ 1586-இல் அச்சேறிற்று. அடியாரின் பாடுகளைப் போற்றிப் படிக்கும் மரபு இக்கரைக்குப் பழையது. ராஜம் கிருஷ்ணன் அம்மரபிற் செல்லவில்லை. மணியம்மையை அறிந்தோரிடம் நேரிற் கேட்டுத் திரட்டிய செய்திகளைக்கொண்டு, துன்பத்தோடு அதற்குக் காரணரான குடும்பத்தையும் மிராசுதாரரையும் சேர்த்தே காட்டுகிறார்.

குறையும் உண்டு. சில இடங்களிற் கதைமாந்தர் கொள்கை பேசுவதற்கென்றே வாய்திறக்கின்றனர். அப்பேச்சிற் சில பக்கங்களைக் குறைத்து, கூட்டம் முடிந்து தனியே வீடு திரும்பும் மணியம்மைக்குக் கொடுத்திருக்கலாம்.