வேம்பு நின்ற வாசல்: ஜித்தாவின் பழைய மனைகள் குறித்து

கப்பலேறி ஹஜ்ஜுக்குச் சென்ற நம் முன்னோர் ஹிஜாஸ் மண்ணில் முதலில் தலைசாய்த்தது ஜித்தாவின் ஏதேனும் ஒரு வீட்டில்தான். ஹிஜ்ரி 26இல் (கி.பி. 647) கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் இவ்வூரை மக்காவின் துறைமுகமாக்கிய நாள் முதல் ஹாஜிகளை வரவேற்பதே இதன் பிழைப்பாகவும் பெருமையாகவும் இருந்து வந்திருக்கிறது. ஹஜ் காலத்தில் குடும்பத்தார் தம் வீட்டுத் தளங்களைப் பயணிகளுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு மாடியில் ஒடுங்கிக் கொள்வர். 2014இல் யுனெஸ்கோ இப்பழைய நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது 'மக்காவின் வாயில்' என்றே அதற்குப் பெயரிட்டது. இன்று அங்கு நடைபெறும் பாதுகாப்புப் பணிகளை மதிப்பிட இப்பெயரையே அளவுகோலாகக் கொள்வது பொருந்தும் எனக் கருதுகிறேன்.

முதலில் அவ்வீடுகளின் அமைப்பைக் காண்போம். நம் கடற்கரையார் முருகைக்கல் எனச் சொல்லும் பவளப்பாறைக் கல்லைச் செங்கடலிலிருந்து வெட்டியெடுத்துச் சுவர் எழுப்பினர். இக்கல் இலேசானது, துளைகள் மிக்கது, பாரம் தாங்குவதில் நலிந்தது. ஆதலின் சுவரில் குறிப்பிட்ட உயர இடைவெளிகளில் மரச்சட்டங்களைக் கிடையாகப் பதித்துச் சுமையைப் பரப்பினர். வெளிப்புறம் சுண்ணாம்புச் சாந்து. தெருவை நோக்கித் துருத்தி நிற்கும் ரவாஷீன் எனும் மரச்சாளரங்களே இவற்றின் முகம். அவற்றுக்கான உறுதியான மரங்கள் இந்தியாவிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் கப்பலில் வந்தன. ரவாஷீனை வெறும் அலங்காரமாகக் கருதுவது பிழை. கடற்காற்றை உள்ளிழுப்பதும், வெயிலைத் தடுப்பதும், அகத்துப் பெண்கள் தாம் காணப்படாமல் தெருவைக் காண இடமளிப்பதும் அதன் பணிகள். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின் பெருகிய வணிகச் செல்வம் இவ்வீடுகளைப் பல அடுக்குகளாக உயர்த்தியது.

இவை அழியத் தொடங்கியதற்குப் பொதுவாகக் காலத்தையும் உப்புக்காற்றையும் குறை கூறுவர். அது பாதி உண்மையே. 1947இல் நகர மதில் இடிக்கப்பட்டது. வசதி படைத்த குடும்பங்கள் வடக்கே புதிய மனைகளுக்குப் பெயர்ந்தன. விடப்பட்ட வீடுகள் அறை அறையாக ஏழைத் தொழிலாளருக்கு வாடகைக்குப் போயின. கழிவுநீர்க் கசிவு முருகைக்கல்லின் அடியை அரித்தது. பழுது பார்த்தோர் சுண்ணாம்பு பூச வேண்டிய இடத்தில் சிமெண்ட் பூசி ஈரத்தைச் சுவருக்குள்ளேயே அடைத்தனர். தீ விபத்துகளும் பல வீடுகளைக் கொண்டு போயின. 1972 முதல் 1986 வரை மேயராயிருந்த முஹம்மத் ஸயீத் ஃபார்ஸியின் காலத்தில் பழைய கட்டடங்கள் பட்டியலிடப்பட்டுக் காப்புத் திட்டம் வகுக்கப்பட்டதாலேயே எஞ்சியவையேனும் எஞ்சின.

எனினும் நாம் பேசத் தயங்கும் காரணம் ஒன்றுண்டு. ஒரு வீடு மூன்று தலைமுறை கடந்தால் அதன் உரிமை பல பங்குதாரரிடையே சிதறுகிறது. கூரை ஒழுகினால் எவர் செலவிடுவது? விற்பதற்கும் எல்லோரும் இசைய வேண்டும். செப்பனிடுவதற்கும் இசைய வேண்டும். வாரிசுரிமைச் சட்டத்தின் நீதியை நான் ஐயுறவில்லை. அச்சட்டத்துடன் இணைந்தே நம் ஃபிக்ஹு வக்ஃபையும் தந்திருப்பதை மறந்தோம் என்பதே என் குறை. ஹனஃபி நூல்கள் கூறும் விதி இங்கு நோக்கத்தக்கது: வக்ஃபின் வருவாய் முதலில் அச்சொத்தின் பராமரிப்புக்கே செல்ல வேண்டும், வக்ஃப் செய்தவர் அதை நிபந்தனையாக எழுதாவிடினும் சரியே, பயனாளிகளின் பங்கு அதற்குப் பின்னரே. கட்டடக்கலைப் பாதுகாப்பு எனும் சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வகுக்கப்பட்ட விதி இது. அவ்விதி எழுத்தில் இருந்தும் வக்ஃபு வீடுகளும் இடிந்தன என்றால் பிழை முத்தவல்லிகளின் கணக்கேட்டில் இருக்கிறது.

இன்றைய நிலைக்கு வருவோம். 2019இல் 56 கட்டடங்களை மீட்க 5 கோடி ரியால் ஒதுக்கப்பட்டது. 2021இல் அறிவிக்கப்பட்ட பெருந்திட்டம் 600க்கும் மேற்பட்ட கட்டடங்களையும் 36 பழைய பள்ளிவாசல்களையும் தழுவுவது. வீழ்ந்து கொண்டிருந்தவற்றைத் தாங்கி நிறுத்தியதற்கு நன்றி கூறாதிருப்பது அநீதி. கைவினைஞர் மீண்டும் ரவாஷீன் செதுக்குவதும் மகிழ்ச்சியே. ஆனால் மீட்கப்பட்ட வீடுகளுக்குக் கிடைக்கும் வாழ்க்கை எது? அருங்காட்சியகம், கலைக்கூடம், உணவகம், உயர்கட்டண விடுதி. விடுதியும் விருந்தோம்பல்தானே என ஒருவர் கேட்கலாம். ஹாஜியோடு ஒரே கூரையின் கீழ் ஒரு குடும்பம் வாழ்ந்த விருந்தோம்பல் அது. அறைச் சாவியோடு முடிவது இது. ரவாஷீனுக்குப் பின்னால் குளிரூட்டி ஓடுமானால் அச்சாளரம் திறக்கப்பட வேண்டிய தேவையே இல்லை. அங்கே செப்பனிடப்பட்டது தெருவுக்குத் தெரியும் முகம் மட்டுமே.

நஸீஃப் இல்லம் இதை நன்கு விளக்கும். மக்கா ஷரீஃபின் பிரதிநிதியாயிருந்த உமர் நஸீஃப் 1872இல் தொடங்கி 1881இல் முடித்த மாளிகை அது. மேல்தளச் சமையலறைக்கு ஒட்டகமே சுமையோடு ஏறும்படி படிகள் அகலமாக அமைக்கப்பட்டன என்பர். 1925இன் இறுதியில் ஜித்தாவுக்குள் வந்த மன்னர் அப்துல் அஸீஸ் தங்கியது அங்குதான். வாசலில் ஒரு வேப்பமரம். ஊரில் வேறு மரமே இல்லாதிருந்த காலத்தில் 'மரமுள்ள வீடு' என்றே அதற்கு அடையாளம் கூறினர். நம் ஊர்ப் பயணி ஒருவர் அதைக் கண்டு ஒரு கணம் நின்றிருப்பார் என எண்ணிக் கொள்வதில் எனக்கு ஓர் இன்பம்.

ஆயினும் அறிஞருலகில் அவ்வீடு பெயர் பெற்றது மன்னராலன்று. உமரின் பேரர் அறிஞர் முஹம்மத் நஸீஃபின் நூலகத்தால். அவர் 1971இல் மறையும் வரை பல நாட்டு உலமாக்களும் மாணவரும் அந்நூல்களைத் தேடி வந்தனர். பின்னர் நூல்கள் மன்னர் அப்துல் அஸீஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றன; வீடு அரசுடைமையாகிச் செப்பனிடப்பட்டுப் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. நூல்கள் அங்கே பத்திரமாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றில் ஒரு பகுதியேனும் படியெடுக்கப்பட்டு இவ்வீட்டின் ஓர் அறையில் வைக்கப்பட்டு, வருவோர் அமர்ந்து படிக்க ஒரு பாயும் விரிக்கப்படுமானால், அதற்காகும் செலவு ஒரு ரவாஷீனைச் செதுக்கும் செலவை மிஞ்சாது.